இரண்டும் ஒரே தாளில்

சென்ற மார்கழியில் எங்கள் மகள் ஒரு படம் கீறினாள். நடுவில் கிறிஸ்மஸ் மரம். அதன் அடியில் குத்துவிளக்கு. பக்கத்தில் சேலை கட்டிய அம்மம்மா, கையில் ஸ்பைடர்மான் பொம்மையோடு. "இதென்ன பிள்ளை, ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாமல்? ஏதாவது ஒன்றை ஒழுங்காகக் கீறு" என்றோம். அவள் ஒன்றும் பேசாமல் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

சில நாட்களின் பின் நூலகத்தில் எடுத்த ஓர் ஓவியப் புத்தகம் எங்களை வெட்கப்பட வைத்தது. 'சிங் ட்வின்ஸ்' என்று அறியப்படும் அம்ரித், ரபீந்திரா ஆகிய இரட்டைச் சகோதரிகளின் ஓவியங்கள் அதில் இருந்தன. இவர்கள் இங்கிலாந்தில் பிறந்து, லிவர்பூலுக்கு அண்மையில் வளர்ந்த சீக்கியர்கள். சிறுவயதில் குடும்பத்துடன் இந்தியா சென்றபோது முகலாயச் சிற்றோவியங்களில் மனதைப் பறிகொடுத்தவர்கள்.

பல்கலைக்கழகத்திலோ அது காலங்கடந்த கலை, மேற்குலக நவீன ஓவியர்களைப் பின்பற்றுங்கள் என்று ஆசிரியர்கள் வற்புறுத்தினார்கள். அந்த நவீன ஓவியர்களில் ஒருவரான மத்தீஸே பாரசீகச் சிற்றோவியங்களிலிருந்து கற்றவர்தானே! சகோதரிகள் விட்டுக்கொடுக்கவில்லை.

1990களின் நடுப்பகுதியில் வரைந்த ஓர் ஓவியத்துக்கு 'கடைசி இராப்போசனம்' என்று பெயர். பெயர் லியனார்டோ டா வின்சியின் ஓவியத்துடையது. காட்சியோ ஒரு சீக்கியக் குடும்பத்தின் கிறிஸ்மஸ் விருந்து. வரைந்த முறை முகலாய அரண்மனைக்குரியது. 2002இல் உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்கமையும் மனைவி விக்டோரியாவையும் அரச தம்பதியராகவே வரைந்துவிட்டார்கள்.

சிரிக்க வைப்பது மட்டுமல்ல இவர்கள் கலை. 1984இல் இராணுவம் பொற்கோயிலுக்குள் புகுந்ததை, 1998இல் அதே நுணுக்கத்துடன் பெரிய ஓவியமாக்கினார்கள். அந்த நாட்களில் அங்கிருந்த சீக்கிய நூலகமும் அழிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை நெருப்புக்குக் கொடுத்த எங்களால் அந்தப் பக்கத்தைச் சுலபமாகத் திருப்ப முடியவில்லை.

2011இல் இருவருக்கும் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது. ஒதுக்கச் சொன்ன கலைதான் அவர்களை உயர்த்தியது.

புதிதாக வந்து குடியேறியிருக்கும் பெற்றோரே, அந்த ஆசிரியர்கள் சொன்னதற்கும் நாங்கள் பிள்ளைக்குச் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் ஒன்றை விடச் சொன்னார்கள், நாங்களும் ஒன்றை விடச் சொன்னோம். ஊரையும் இந்த நாட்டையும் ஒன்றாகவே காணும் பிள்ளையின் கண்ணுக்கு எதுவும் பொருத்தமில்லாமல் தெரியவில்லை.

மடித்த தாளைத் தேடியெடுத்துச் சுவரில் ஒட்டினோம். மகள் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பென்சிலை எடுத்து வந்து, மறந்துபோன அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கீறினாள்.