றிங்கில பிழையில்லை

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மிச்சம் பிடிக்க, வள்ளத்தின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நாங்கள் ஒயிலைக் குறைத்துக் கலந்தோம். அந்த எஞ்சினில் எரிபொருளோடு போகும் ஒயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றும். கொஞ்சநாள் ஓடியது. பிறகு கடலில் இழுவை விட்டது.

கரையில் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு கயிற்றை இழுத்தோம். விரலைத் தள்ளிவிடவேண்டிய காற்று தள்ளவில்லை. பிரித்தால், பிஸ்டனில் நெடுகக் கீறல். றிங் தன் காடிக்குள்ளேயே இறுகிக் கிடந்தது.

"புது றிங் போட்டாச் சரிதானே பெரியப்பா?"

"ஏன் போச்சுதெண்டு பாக்காமப் போட்டா அதுவும் போகும்."

காபரேட்டர் சுத்தம். தண்ணிப் பம்ப் சரி. கடைசியாக, "ஒயில் எவ்வளவு விட்டனீங்கள்?" எண்டு கேட்டார்.

நாங்கள் வாய் திறக்கேல்லை.