விளக்கு எரிந்தது, பேச்சு இல்லை



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பிரசங்க பீடத்திலோ வேதபாட வகுப்பிலோ கிடைத்த காரியமல்ல. ஒரு பள்ளி அலுவலகத்தின் மூலையில், தூசி படிந்த இரும்பு அலமாரிக்கு முன்பாக, மடிக்கணினியோடு தரையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞரிடமிருந்து கற்றுக்கொண்டது. இறையியல் கல்லூரியில் ஒப்புரவாகுதலைப் பற்றித் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனாலும் அந்தப் பாடம் எனக்குள் இறங்கியது அன்றைக்குத்தான்.

2007ஆம் ஆண்டு, ஜூன் மாதம். நான் அப்பொழுது சேகரகுருவாக இருந்த ஊரில் எங்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தது. அதன் விடுதி 14 கிலோமீட்டர் தொலைவில் வேறொரு கிராமத்தில் இருந்தது. இரண்டையும் இணைப்பதற்காக, நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள தனி வாடகை இணைப்பு ஒன்றைப் பெற்றிருந்தோம். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு ரவுட்டர் வேண்டும். பள்ளியில் இருந்தது நாங்கள் விலைகொடுத்து வாங்கியது. விடுதிக்குக் கிடைத்ததோ சபையார் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த பழையது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். கேபிளைச் சொருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. தலைமையாசிரியர் கைதட்டினார். நான் ஸ்தோத்திர ஜெபமும் செய்து முடித்தேன். ஆனால் ஓர் எழுத்துகூட மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை.

நம் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நகரத்தில் ஒரு வங்கியின் கணினி வலைப்பின்னல் பிரிவில் பணிபுரிந்தார். சனிக்கிழமை காலையில் அவரை அழைத்தோம். விடுதி முனையில் தம் நண்பரைக் கைப்பேசியோடு அமர்த்திவிட்டு, அவர் பள்ளி முனையில் அமர்ந்தார். திரையில் தெரிந்ததை எனக்குக் காட்டினார். லைன் அப், புரோட்டோகால் டவுன் என்றிருந்தது.

"கம்பியில் பழுதில்லை, ஐயா. இரண்டும் இணைந்துதான் இருக்கின்றன. ஆனால் ஒன்று பேசுவது மற்றதற்கு விளங்கவில்லை" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரண்டு ரவுட்டர்களை நேருக்கு நேர் இணைக்கும்போது, அனுப்பும் தகவலை எந்த உறையிலிட்டு அனுப்புவது என்பதில் இரண்டுக்கும் ஒரே முறை இருக்கவேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு ரவுட்டரும் தன் பிறவி வழக்கத்தின்படி நடக்கும். பள்ளியின் ரவுட்டர் எச்டிஎல்சி என்ற முறையை, அதுவும் தன் நிறுவனம் தனக்கென்று மாற்றியமைத்துக்கொண்ட வடிவில், பேசிக்கொண்டிருந்தது. விடுதியின் ரவுட்டர் பிபிபி என்னும் பொது முறையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. இரண்டு முனைகளிலும் ஒரே நிறுவனத்தின் ரவுட்டர்கள் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. தன் இனத்தோடு பேசுவதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை அல்லவா?

இரு முனைகளையும் பிபிபிக்கு மாற்றினார். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத இந்தப் பொது முறையை இணையப் பொறியியல் பணிக்குழு வகுத்தது. 1994ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான ஆர்எப்சி 1661 என்ற ஆவணத்தில் அது விவரிக்கப்பட்டிருக்கிறது. இதில் எஜமானும் இல்லை, வேலைக்காரனும் இல்லை. இரு முனைகளும் சமமானவை. தகவல் எதையும் அனுப்புவதற்கு முன்பாக, எந்த விதிகளின்படி பேசுவது என்று இரண்டும் கலந்து முடிவு செய்யவேண்டும்.

பிரியமானவர்களே, அந்தக் கலந்துரையாடலைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு முனை தன் விருப்பங்களைப் பட்டியலிட்டு விண்ணப்பம் அனுப்புகிறது. அதற்கு மறுமுனை மூன்று விதங்களில் பதில் கூறலாம். முதலாவது, ஆக். நீ கேட்டவை அனைத்தும் எனக்குச் சம்மதம் என்பது அதன் பொருள். இரண்டாவது, நாக். நீ பேச விரும்பும் காரியம் எனக்கு விளங்குகிறது, ஆனால் நீ சொல்லும் அளவை என்னால் ஏற்க முடியாது, என்னால் ஏற்க முடிந்த அளவு இது என்று எழுதித் திருப்பி அனுப்புவது. மூன்றாவது, ரிஜெக்ட். இந்தக் காரியத்தையே நான் அறியேன், அல்லது இதைப் பேசவே நான் ஆயத்தமில்லை, இதை நீக்கிவிட்டு வா என்பது.

"நாக் வந்தால் பயப்படவேண்டியதில்லை, ஐயா. அது மறுப்பைப்போலத் தோன்றும். ஆனால் அதற்குள்ளேதான் வழி இருக்கிறது" என்றார் அந்த இளைஞர்.

அந்த வார்த்தை என்னைத் தொட்டது. ஏன் என்று அப்பொழுது தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொன்னார். ஒரு திசையில் மட்டும் சம்மதம் கிடைத்தால் இணைப்பு திறக்காது. நான் கேட்டதற்கு நீ சம்மதிக்கவேண்டும், நீ கேட்டதற்கு நானும் சம்மதிக்கவேண்டும். இரண்டு சம்மதங்களும் கூடினால்தான் வாசல் திறக்கும். ஒரு முனை சம்மதமே தராமல் நாக்கை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், வழக்கமாக 5 முறைக்குப் பின்பு அது மாற்று யோசனை சொல்வதை விட்டுவிட்டு, மறுக்கத் தொடங்கிவிடும். இயந்திரத்தின் பொறுமைக்கு 5 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பேதுரு மன்னிப்புக்குக் கணக்குக் கேட்டபோது நம் ஆண்டவர் சொன்ன எண் அதைவிட மிகப் பெரியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அதன் பின்பும் இணைப்பு எழும்பவில்லை. இடையிலுள்ள கம்பியைச் சோதிக்க, தொலைபேசி நிலையத்தாரிடம் சொல்லி இணைப்பை நடுவிலே மடக்கி எங்களிடமே திரும்பும்படி செய்தார். இதை லூப் என்கிறார்கள். அப்பொழுது ரவுட்டர் அனுப்பியது அதனிடமே திரும்பி வந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பிபிபியில் ஓர் ஏற்பாடு உண்டு. ரவுட்டர் தன் விண்ணப்பத்தில் தற்செயலாகத் தெரிந்தெடுத்த ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்பும். அதற்கு மேஜிக் நம்பர் என்று பெயர். அதே எண் மறுபடியும் மறுபடியும் தன்னிடம் வந்தால், எதிரில் ஒருவருமில்லை, தன் குரலையே தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அறிந்துகொள்ளும்.

கம்பியில் குற்றமில்லை என்று தெரிந்ததும் லூப்பை எடுக்கச் சொன்னார். கடைசியில் பழுது அகப்பட்டது இரகசியச் சொல்லில். எதிரில் இருப்பது உரியவர்தானா என்று உறுதிசெய்ய, இரு முனைகளிலும் ஒரே இரகசியச் சொல்லைப் பதித்துவைக்கவேண்டும். சாப் என்னும் முறையில் அந்தச் சொல் கம்பியில் பயணம் செய்வதே இல்லை. ஒரு முனை ஒரு புதிரை அனுப்பும். மறுமுனை அதையும் இரகசியச் சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். விடுதி முனையில் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தபோது கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம். மனிதருக்கு அது ஒன்றுமில்லை, இயந்திரத்துக்கோ அதுவும் ஓர் எழுத்து. அதை நீக்கியவுடன் புரோட்டோகால் அப் என்று திரை காட்டியது. மாலை 4 மணி இருக்கும். விடுதியிலிருந்து முதல் மின்னஞ்சல் வந்தபோது தலைமையாசிரியர் மறுபடியும் கைதட்டினார். நான் தட்டவில்லை. என் மனம் வேறெங்கோ போயிருந்தது.

யோர்தானின் துறைகளில் நடந்த சம்பவத்தை நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். கீலேயாத்தியர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி எப்பிராயீமியரைச் சோதித்தார்கள். ஷிபோலேத் என்ற அந்த எபிரெயச் சொல்லுக்குத் தானியக் கதிர் என்றும் ஓடும் நீர் என்றும் பொருள் உண்டு. இரண்டும் ஜீவனைக் காக்கிறவை. முதல் எழுத்தின் ஒலி மாறிய காரணத்தால் சகோதரர்கள் அந்த நீரின் கரையிலே வெட்டுண்டார்கள். அக்காலத்தில் விழுந்த எப்பிராயீமியரின் தொகை 42,000 என்று வேதம் கணக்குச் சொல்லுகிறது. இறையியல் மாணவனாக இந்தப் பகுதிக்கு விளக்கவுரை எழுதியிருக்கிறேன். என் வீட்டு வாசலிலும் அப்படியொரு துறை இருந்ததை மட்டும் நான் காணவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் உண்டு. எங்கள் தகப்பனார் 1996இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்கு முந்தின மாதம் பூர்வீக வீட்டை அண்ணன் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். அண்ணன் வற்புறுத்தித்தான் எழுதி வாங்கினான் என்று நான் முடிவு செய்தேன். 'நான் செய்தது தப்புதான்' என்று அவன் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் அவனைக் கரை கடக்கவிட நான் ஆயத்தமாயில்லை.

வெளிப்பார்வைக்கு எங்களுக்குள் பழுது ஒன்றும் இல்லை. கல்யாண வீடுகளில் ஒரே வரிசையில் நின்றோம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தவறாமல் போனது. குடும்ப ஜெபத்தில் அவன் பெயரையும் சொன்னேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. 11 ஆண்டுகள் பேச்சு மட்டும் இல்லை.

அன்றிரவு பழைய பெட்டியைத் திறந்து, 1998இல் அவன் எழுதிய ஒரே கடிதத்தை எடுத்தேன். நான் எழுதிய நான்கு பக்கக் குற்றச்சாட்டுக்கு அவன் எழுதிய பதில் அது. வீட்டைப் பற்றி இப்பொழுது என்னால் பேச முடியாது, அம்மா யாரிடம் இருப்பது என்பதை முதலில் பேசுவோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா என்று மூன்றே வரிகளில் எழுதியிருந்தான். முதல் வரியை மட்டும் வாசித்து, மறுத்துவிட்டான் என்று அந்தக் கடிதத்தை மடித்து வைத்தவன் நான். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்பு மற்ற இரண்டு வரிகளையும் வாசித்தேன். அது ரிஜெக்ட் அல்ல, நாக். மறுப்புக்குள்ளேயே வழி இருந்தது. ஆனால் அம்மாவைப் பற்றிப் பேசுவதற்கு இனி ஒன்றும் இருக்கவில்லை. 2004இல் அம்மா போய்விட்டார்கள். தம் கடைசி ஆண்டுகளில் இரண்டு மகன்களையும் ஒரே மேசையில் காணாமலேயே போனார்கள்.

அந்த ஆண்டுகளில் அண்ணனோடு நான் மனதுக்குள் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். அவன் இப்படிச் சொல்லுவான், நான் அப்படிச் சொல்லுவேன் என்று. அதில் கேட்ட அவன் குரலும் என் குரல்தான். வெறும் இயந்திரம் கண்டுபிடித்துவிடுகிற ஒன்றை ஓர் ஊழியக்காரன் 11 ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கவில்லை.

திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணே, உன் கடிதத்தை இப்போதுதான் வாசித்தேன்" என்றேன். நெடுநேரம் மௌனம். பின்பு, "வீட்டுக் கதை பேசுவதானால் வராதே. சாப்பிடுவதானால் வா" என்றான். மறுபடியும் ஒரு நாக். இந்த முறை அவன் குறித்த அளவை நான் ஏற்றுக்கொண்டேன். போனேன். மதினி பரிமாறினார்கள். அவனுடைய முழங்கால் வலியையும் என் பிள்ளைகளின் படிப்பையும் பேசினோம். புறப்படும்போது அவன், "நீ பிரசங்கம் பண்ணிப் பழகிவிட்டாய் தம்பி, கேட்டுப் பழகவில்லை" என்றான். அதற்கு ஆக் சொல்வது எளிதாயிருக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். வீட்டைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை. நான் கேட்க விரும்பிய சொல்லையும் அவன் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு மாலைதோறும் அவனிடமிருந்து அழைப்பு வருகிறது.

அன்பானவர்களே, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடத்தில் போகும்படி நம் ஆண்டவர் கற்பித்தார். போவது என்பது நம் விண்ணப்பத்தை இன்னும் ஒருமுறை உரக்க வாசிப்பதல்ல. எதிரிலிருப்பவர் எந்த அளவை ஏற்கக் கூடும் என்று கேட்டு அறிவதும், அதற்கு நம் சம்மதத்தைத் தருவதுமாகும். உண்மையை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்குத் தீங்கு செய்கிறவருக்கு வாசலைத் திறந்துவைக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. இரகசியச் சொல்லைச் சரிபார்ப்பதற்கும் ஓர் அவசியம் உண்டு. ஆனால் நாம் கேட்கும் சொல்லின் முடிவில் நம் பெருமை ஓர் இடைவெளியைச் சேர்த்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வாரத்தில், மறுப்பு என்று நீங்கள் மடித்துவைத்த ஒரு கடிதத்தை, ஒரு செய்தியை, ஒரு பழைய வார்த்தையை எடுத்து முழுவதும் வாசியுங்கள். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் அங்கே இருக்கக்கூடும். அவற்றை நீங்கள் வாசிக்கும்போது, அவர்களுடைய அம்மா இன்னும் உயிரோடிருக்கும்படி கர்த்தர் கிருபை செய்வாராக.

ஜெபம்: ஆண்டவரே, என் குரலையே பதிலென்று எண்ணிக்கொண்டிருந்த என்னை மன்னியும். என் சகோதரன் சொல்வதை முழுவதும் கேட்கும் செவியை எனக்குத் தாரும். ஆமென்.