57 மில்லிமீட்டருக்குள் ஒரு பெயர்

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து, அதில் ஒரு மாடி. நான் போனபோது கடைக்கார அக்கா கணினியை இன்னும் திறக்கவில்லை. பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பைண்டிங்குக்காக இடது மார்ஜின் 15, வலது 12 போக மீதி 183. மூன்று பத்திகளுக்கு நடுவே இரண்டு இடைவெளி, ஒன்றுக்கு 6 வீதம் 12. மிச்சம் 171-ஐ மூன்றால் வகுத்தால் 57.

“இந்த அம்பத்தேழுக்குள்ளதான் ஒரு ஆளோட பேரு, கடைப் பேரு, தெரு, போன் நம்பர் எல்லாம் உட்காரணும். இதைப் போடாம மவுஸைத் தொடாத” என்றார், பக்கத்தில் நின்ற தம்பியிடம்.

வேலை, ஒரு வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினர் கையேடு. சங்கத்துச் செயலாளர் எக்ஸெல் கோப்பாகக் கொடுத்த பட்டியல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸுக்குள் ஏறியிருந்தது. 1992 நவம்பரில் முதல் பதிப்பு வெளியான மென்பொருள் அது. அக்கா தொழில் பழகியது அதற்கும் முந்திய பாணியில்: டாஸ் திரை, ஃபாக்ஸ்ப்ரோ, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அங்குலத்துக்குப் பத்து எழுத்து, 8 அங்குல வரிக்கு 80 எழுத்து. அப்போது பத்தி பிரிப்பதென்றால் எழுத்துகளை எண்ணுவது. இப்போது மில்லிமீட்டரை எண்ணுகிறார். முதலில் கணக்கு, பிறகுதான் திரை என்ற ஒழுங்கு மட்டும் அவரிடம் மாறவில்லை.

தம்பி பேஜ் செட்டப்பில் பத்திகளுக்கான பக்கத்தைத் திறந்தான். பத்தி எண்ணிக்கை 3, இடைவெளி 0.6 செ.மீ., அகலம் 5.7 செ.மீ. அங்கே ‘டிடெயில் அளவே போதும்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுக்கச் சொன்னார் அக்கா. சங்கத்தின் பெயர் பக்கத் தலைப்பில் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும். அதனால் ரிப்போர்ட்டின் அகலம் 18.3 ஆக இருக்கும். உறுப்பினர் விவரம் வரும் டிடெயில் பகுதியிலும், எழுத்துவாரித் தலைப்பு வரும் குரூப் ஹெட்டரிலும் எல்லாப் பெட்டிகளும் இடது ஓரத்து 5.7-க்குள் அடங்க வேண்டும். பக்கத் தலைப்பு தாள் முழுக்க ஓடும். குரூப் ஹெட்டர் பத்திக்குள்தான் நிற்கும். இந்த வித்தியாசம் பிடிபடாதவர்கள்தான் தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது, ஒரு தாள் விட்டு ஒரு தாள் வெறுமையாக வருகிறது என்று மணிக்கணக்கில் அலைகிறார்கள். வடிவமைக்கும் திரையில் ஒரே பத்திதான் தெரியும். அச்சு முன்னோட்டம் போட்டால்தான் மூன்றும் கண்ணில் படும்.

அடுத்தது, பெயர்கள் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்பது. கையேட்டில் மேலிருந்து கீழே இறங்கி, பிறகு அடுத்த பத்திக்கு ஏற வேண்டும். பெயர் தேடுகிறவரின் விரல் அப்படித்தான் இறங்கும். முகவரி லேபிளுக்கு நேர்மாறு: இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரிசை. பின்கோடு வரிசையில் அடித்த லேபிள்களை வரிசை வரிசையாக உரித்து ஒட்டினால் கட்டும் அதே வரிசையில் சேரும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு தேர்வுகள்தான். எதை எங்கே வைப்பது என்பது தாளைக் கையில் வாங்குகிறவரை நினைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் முன்னோட்டம் வந்தது. இரண்டாம் பத்தியின் கடைசி வரியில் ‘ம’ என்ற தலைப்பு தனியே நின்றது. மகாலிங்கமும் மணிமேகலையும் மூன்றாம் பத்தியின் உச்சிக்குப் போயிருந்தார்கள். அச்சுக்கோத்த காலத்திலிருந்தே தொழில் தெரிந்தவர்கள் விடாத பிழை இது. தம்பி குரூப் அமைப்பில், தலைப்பும் முதல் பதிவும் பிரியக் கூடாது என்ற தேர்வை வைத்தான். ரிப்போர்ட்டின் பண்புகளில் இன்னொன்றையும் அக்கா சரிபார்க்கச் சொன்னார்: இந்தக் கட்டுப்பாடு பக்கத்துக்கா, பத்திக்கா என்பது. பத்திக்கு என்று இருந்தது. ‘ம’ தன் ஆட்களோடு மூன்றாம் பத்திக்கு ஏறியது.

அதைவிடப் பெரிய சிக்கல் பட்டியலிலேயே இருந்தது. பழைய உறுப்பினர்களின் பெயர்கள் ஒரு காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த முறையில் ‘செ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகுதான் ‘ச’. கணினிக்குள் அந்தக் கொம்பு ஆங்கில ‘என்’ எழுத்தாகவே பதிவாகியிருக்கும். நெடில் கொம்பு அதே எழுத்தின் பெரிய வடிவம். ஆக்சஸ் வரிசைப்படுத்தும்போது சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று பார்ப்பதில்லை. விளைவு: செல்வி, பெருமாள், தேவகி, வெங்கடேசன், சேகர் எல்லோரும் ஒரே தலைப்பின் கீழ் கூடியிருந்தார்கள். தலைப்பு என்னவென்றால் எழுத்தே இல்லாத ஒற்றைக் கொம்பு.

அந்தப் பெயர்களை யுனிகோடுக்கு மாற்றினார்கள். யுனிகோடில் ‘செ’ என்பது முதலில் ‘ச’, அடுத்து கொம்பு. முதல் எழுத்தை வெட்டியெடுத்தால் ‘ச’ சரியாக வரும். ஆனாலும் அக்கா வரிசையை அப்படியே நம்பிவிடவில்லை. யுனிகோடு அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து நிற்கிறது, நம் அகரவரிசையில் அது கடைசி மெய். அட்டவணைப்படி போனால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்துவிடுவார். அதனால் வரிசைக்கென்றே தனியாக ஒரு புலம் வைத்து, அதன்படி அடுக்கியிருந்தார். கையேட்டைப் புரட்டுகிற பெரியவர் பள்ளியில் படித்த வரிசையில்தான் தேடுவார். அவருக்காக எடுத்த இந்தச் சிரமம் அச்சில் எங்கும் தெரியாது. இந்தக் கடையில் நான் மிகவும் மதித்தது இதைத்தான்.

கையேட்டோடு சேர்த்து அழைப்பிதழ் அனுப்ப லேபிளும் கேட்டிருந்தார் செயலாளர். ஏ4 தாளில் 24 லேபிள்: குறுக்கே மூன்று, நெடுக்கே எட்டு. ஒவ்வொன்றும் 63.5-க்கு 33.9 மி.மீ. எட்டு வரிசைக்கு 271.2, தாளின் உயரம் 297. மேலும் கீழும் 12.9 மி.மீ. மார்ஜின். உயரத்தை முழு எண்ணாக 34 என்று போட்டுவிட்டால் முதல் வரிசை கச்சிதமாக இருக்கும், எட்டாவது வரிசை 0.7 மி.மீ. இறங்கியிருக்கும். ‘சின்ன விஷயம்தானே’ என்று 33 என்று போட்டால் அதே இடத்தில் 6 மி.மீ.க்கு மேல் ஏறிவிடும். முகவரியின் முதல் வரி பக்கத்து லேபிளில் போய் விழும். தம்பி வெற்றுத்தாளில் ஒன்று அடித்து, லேபிள் தாளின் மேல் வைத்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். எல்லா முகவரியும் கோட்டுக்குள் இருந்தது.

கையேட்டில் முகவரி நீண்டால் பெட்டி வளர அனுமதி உண்டு. லேபிளில் கிடையாது, ஒரு பெட்டி வளர்ந்தால் கீழே உள்ள அத்தனையும் தள்ளிப்போகும். சுருங்க மட்டும் விட்டிருந்தார்கள். இரண்டாம் தெருவரி இல்லாதவருக்கு நடுவில் ஓட்டை விழாது.

பாதி உரித்த லேபிள் தாள்கள் மேசையில் கிடந்தன. ஒன்பது லேபிள் தீர்ந்த தாளில் பத்தாவதிலிருந்து அச்சடிக்க ஆக்சஸில் வழி உண்டு: பதிவை நகர்த்தாமல், எதையும் அச்சிடாமல், இடத்தை மட்டும் ஒன்பது முறை தள்ளிவிடும் சில வரி நிரல். அக்காவிடம் அது இருக்கிறது. லேசர் பிரிண்டரில் மட்டும் அந்தத் தாள்களைப் போட விடமாட்டார். உள்ளே இருக்கும் சூட்டில், உரித்த இடத்து விளிம்பு கிளம்பி டிரம்மில் ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே நின்றுவிடும். இங்க்ஜெட்டில் போடலாம், ஆனால் ஈரக்கை பட்டால் மை கலையும். மழைக்காலத் தபாலுக்கு அவர் புதுத் தாள்தான் எடுப்பார்.

கடைசிப் பக்கத்தில் 37 பேர் மிஞ்சினார்கள். முதல் பத்தி முழுக்க நிறைந்து, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவது காலி. மூன்று பத்தியையும் தானாகச் சமமாக்கும் வசதி ஆக்சஸில் இல்லை. 13, 12, 12 என்று பிரித்து, பதினான்காவது பெயருக்கும் இருபத்தாறாவது பெயருக்கும் முன்னால் புதுப் பத்தி தொடங்கும்படி வைத்தார் அக்கா.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் போனில் வந்தார். புதிதாக நாலு உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்களாம். “அண்ணே, நாலு பேரைச் சேர்க்கிறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா உள்ள ‘அ’வுல ஒரு பேரு ஏறினா அதுக்குப் பின்னாடி எல்லாப் பத்தியும் நகரும். லிஸ்ட்டை முடிச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, அப்புறம் அடிக்கிறேன்” என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு, 13, 12, 12 என்று எழுதியிருந்ததை அடித்தார். மீதி 41 பேர். 14, 14, 13 என்று பக்கத்தில் எழுதினார்.