தனியாகச் சொல்லி ஆயிற்று

சில மாதங்களுக்கு முன்பு இலத்தூரில் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகிற பிள்ளைகள். பேச்சு அம்பேத்கரில் தொடங்கி, திருச்சபைக்குள் இருக்கும் சாதியில் வந்து நின்றது. ஒரு தங்கை கேட்டாள்: “அண்ணே, கோயிலுக்குள்ள சாதி இருக்குன்னு நாமளே வெளிய சொன்னா, நம்மள அடிக்கக் காத்துக்கிட்டு இருக்கவனுக்கு நாமளே கம்பு எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிராதா?”

நியாயமான கேள்வி. கிறிஸ்தவ தலித் குடும்பத்தில் பிறந்த எல்லோரையும் ஒருநாள் இந்தக் கேள்வி பிடித்து உலுக்கும். அதற்கான பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் வளர்ந்த ஊரின் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும். எங்கள் தெருவில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லாத வீடு கிடையாது. ஆனால் திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கு வராது. திருவிழா வரியும் எங்களிடம் வாங்க மாட்டார்கள். ஏழைகள் என்று இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும், அதனால்தான் வாங்கவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். கல்லறையிலும் எங்களுக்குத் தனி மூலை.

அப்பா வேதாகமம் படித்தவர். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன முறையை அப்படியே செய்து பார்த்தார். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். கேட்காவிட்டால் இரண்டொரு சாட்சிகளோடு போக வேண்டும். அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல்ல வேண்டும். அப்பா சாமியாரிடம் தனியாகப் பேசினார். பிறகு தெருப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்து பங்குப் பேரவையில் எழுந்து நின்று சொன்னார். மூன்று இடத்திலும் ஒரே பதில்: “பொறுமையா இருங்க, செபம் பண்ணுங்க.”

ஒரு தனி மனிதன் தவறு செய்கிறான், சபை அவனைத் திருத்துகிறது. மத்தேயு 18 சொல்லும் வழி இதற்குத்தான். தவறு செய்வதே சபையாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? குற்றவாளியே நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் எத்தனை முறை தனியாகப் போய்ப் பேசினாலும் அது முறையீடு ஆகாது, கெஞ்சல்தான்.

இதற்கும் வேதாகமத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து அந்தப் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டுப் பேசவில்லை. எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கண்டிக்கப்பட்டவர் திருச்சபையின் தலைவர். கண்டிக்கப்பட்டது பந்தியில் சேர்ந்து உட்கார மறுத்ததற்காக. எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கும் பாவத்தை எல்லோர் காதிலும் விழும்படிதான் சொல்ல வேண்டும்.

சாதி பாவம் என்று திருச்சபைக்குத் தெரியாதா? கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833லேயே சபைகளில் சாதியை விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். நம் பக்கத்து வடக்கன்குளத்தில் வேளாளரும் நாடாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண வேண்டும் என்று, 1872இல் பீடத்தில் மட்டும் சேரும்படி இரண்டு கிளையாகக் கோயிலையே கட்டினார்கள். ‘கால்சட்டைக் கோயில்’ என்று அதற்குப் பெயரே வந்தது. 1910இல் கௌசானல் சாமியார் காலத்தில் அந்தப் பிரிப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, அவர்கள் தோற்றார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பிரசங்கத்தால் அந்தச் சுவர் விழவில்லை. பணக்கார விசுவாசிகளின் கோபத்தையும் கோர்ட் படிகளையும் தாங்கத் தயாரான பிறகுதான் விழுந்தது. இரண்டு, அது வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவில் இருந்த சுவர். நமக்கு எதிரில் நிற்கும் சுவர் அதோடு விழுந்துவிடவில்லை.

2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே கோயிலில் சமமாக நிற்க முடியாதவர்களின் கடைசிக் கோரிக்கை அது. 2008 மார்ச் 9ஆம் தேதி வன்னியக் கிறிஸ்தவர்கள் தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைக்கூடப் பிரித்து வைக்கும் சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராட்டம் நடந்து வருகிறது.

2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஆயர்களே அதில் ஒப்புக்கொண்டார்கள். சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அதில்தான் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நாம். ஆனாலும் இந்தியாவின் முதல் தலித் கர்தினாலைப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்புக்கொள்வது நல்லதுதான். அதையே மனந்திரும்புதல் என்று சொல்லிவிட முடியாது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கி வந்து அழவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு பேசினான். இயேசு அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது என்று சொன்னது அதற்குப் பிறகுதான். நம் கோயில்களிலும் கணக்கைத்தான் கேட்க வேண்டும். சப்பரம் எந்தத் தெருவுக்குப் போகிறது? பள்ளிக்கூடத்தில் வேலை யாருக்குக் கிடைக்கிறது? பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கல்லறையில் யார் எங்கே கிடக்கிறார்கள்?

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதுமான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆணையில் 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். நாம் இன்னும் வெளியே நிற்கிறோம். மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கொடுப்பது பற்றி ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டதும் அதே கேள்விக்காகத்தான்.

ஆக, “கோயிலுக்குள் சாதி இல்லை” என்று மூடி மறைக்கும்போது நாம் திருச்சபையைக் காப்பாற்றவில்லை. சூசையின் வழக்கை இன்னொரு தடவை தோற்கடிக்கிறோம். நம்மை அடிக்க நினைப்பவனுக்குக் கம்பு எங்கிருந்தாவது கிடைக்கும். நமக்கு வேண்டிய சாட்சியை நம்மைத் தவிர வேறு யாரும் எழுதித் தர மாட்டார்கள். வெளியே இருந்து ஏளனம் செய்பவனிடம், “உன் ஊர்த் தேர் எங்கள் தெருவுக்கு வருமா?” என்று திருப்பிக் கேளுங்கள். அவன் வாய் அடைத்துவிடும்.

எனவே, தம்பி தங்கைகளே, எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். வரி மறுக்கப்பட்டதை, சப்பரம் தெருமுனையிலேயே திரும்பிப் போனதை, கல்லறைச் சுவரின் படத்தை, வயதானவர்கள் சொல்லும் பழைய கதைகளை எல்லாம் பதிவு செய்யுங்கள். ஆயர் இல்லத்துக்கு மனுக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவே சேர்ந்து போங்கள். கோயிலை விட்டுப் போவதா, உள்ளே நின்று போராடுவதா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் தனியாகப் போய்ச் சொல்லும் கட்டத்தை நம் அப்பாக்கள் நமக்காக முடித்துவிட்டார்கள். இனி நாம் சபை முழுவதும் கேட்கும்படி பேச வேண்டும்.