பிழை யாருடையது?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழும் எங்கள் குடும்பத்தில் வயது முதிர்ந்த உறுப்பினர் ஒருவர் உண்டு. அவர் மனிதர் அல்லர். 1974-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவான ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன். படுக்கை, சிறிய அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்ட நடமாடும் வீடு அது. வெளியூர் செல்லுங்கால் ஹலாலான உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை; நம் கையால் சமைத்து உண்ணலாம். தொழுகை நேரம் வந்தால் ஒதுக்குப்புறமாக நிறுத்திக்கொள்ளலாம். இவ்வசதிகளைக் கருதியே 2015-இல் அதனை வாங்கினேன்.

இவ்வகை வண்டிக்கு வித்திட்டவர் பென் போன் என்னும் டச்சுக்காரர். 1947-இல் அவர் தம் குறிப்பேட்டில் வரைந்த எளிய படம் 1950-இல் வண்டியாக உருப்பெற்றது. எங்களிடம் உள்ள இரண்டாம் தலைமுறை வண்டி 1967 முதல் 1979 வரை ஜெர்மனியிலும், அதன் வழிவந்த வண்டிகள் 2013 வரை பிரேசிலிலும் செய்யப்பட்டன. எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் கியர் பெட்டி. ஓட்டுநரின் கைக்கோல் அசைந்தால், தரையின் அடியில் ஓடும் நீண்ட தண்டு அவ்வசைவைப் பின்னால் கொண்டு சேர்க்கும். முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள்.

2019-இல், செலவை மிச்சப்படுத்த எண்ணி, கியர் எண்ணெயை நானே மாற்றினேன். கடையில் 'ஜி.எல். 4' என்றும் 'ஜி.எல். 5' என்றும் இருவகை எண்ணெய்கள் இருந்தன. நான்கைவிட ஐந்து உயர்ந்ததுதானே என்று எண்ணி ஐந்தையே வாங்கி ஊற்றினேன். வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த குளிர்காலத்திலேயே இரண்டாவது கியரை மாற்றும்போது 'கரக்' என்னும் ஒலி எழத் தொடங்கியது. பழைய வண்டியென்றால் இப்படித்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2022-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் என் மகன் அவ்வண்டியில் ஓட்டப் பழகினான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு மாலை விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் சென்றபோது, அவன் கையில் அந்த ஒலி பலமாகவே கேட்டது. எல்லோர் முன்னிலையிலும், "வண்டியின் பல்லை உடைப்பதே இவன் வேலையாகிவிட்டது! பொறுப்பற்றவன் கையில் கொடுத்தது என் தவறு" என்று சீறினேன். அவன் வண்டியை ஓரம் கட்டினான். சாவியை என் கையில் வைத்தான். அதன்பின் அவ்வண்டியைத் தொடவும் இல்லை. என்னோடு தேவைக்கு மேல் பேசவும் இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் குடும்பத்தோடு வடக்கு வேல்ஸ் சென்றோம். லான்பெரிஸ் கணவாயின் இறக்கத்தில், வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். திடீரெனக் கைக்கோல் தானாக வெளியே துள்ளியது. எஞ்சினின் பிடி அற்று வண்டி விரைந்தது. பின்னால் என் துணைவியாரும் இரு பெண்மக்களும் இருந்தனர். பிரேக்கை அழுத்தி வேகத்தைத் தணித்து மீண்டும் கியரைப் போட்டேன், மீண்டும் துள்ளியது. அப்போது அருகில் அமர்ந்திருந்த மகன், "வாப்பா, நீங்கள் சாலையைப் பாருங்கள், இதை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று கூறிக் கைக்கோலை இறுகப் பற்றினான். அடிவாரம் சேரும்வரை அவன் கையை எடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், தீங்கின்றி இறங்கினோம்.

வீடு திரும்பியதும் பழுதுபார்க்கும் வேலையை இருவரும் தொடங்கினோம். முதலில் எண்ணெயை வடித்தோம். வடிப்பதற்கு முன் எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது துருவேறித் திறக்க மறுத்தால், வடித்த பெட்டியை நிரப்ப வழியிராது. இதைச் சொன்னவன் என் மகனே. வடிதுளை மூடியில் ஒரு காந்தம் உண்டு. அதில் இரும்புத் துகள்கள் மயிர்போல் ஒட்டியிருந்தன. காந்தம் பித்தளையைப் பிடிக்காது. ஆதலால் பித்தளைத் துகள்கள் எண்ணெயிலேயே பொன்தூள்போல் மின்னின.

பின்னர் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினோம், பெட்ரோல் குழாயை அடைத்தோம், எஞ்சினை இறக்கினோம். சக்கரங்களுக்குச் செல்லும் இரு தண்டுகளையும் கியர் பெட்டியிலிருந்து பிரிக்கப் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு திருகாணிகள். நீண்ட தண்டை இணைக்கும் திருகாணி தளராதிருக்கக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதையும் அவிழ்த்துப் பெட்டியை வெளியே எடுத்தோம். உள்ளே திறப்பது வீட்டில் செய்யும் வேலையன்று. பல்சக்கரங்களின் இடைவெளியை நுட்பமாக அளந்து அமைக்கத் தனிக்கருவிகள் வேண்டும். ஆகவே அத்தொழிலில் முதிர்ந்த ஒருவரிடம் கொண்டு சென்றோம்.

அவர் பெட்டியைத் திறந்து எங்களுக்கு விளக்கினார். கியர் மாறும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒரு பித்தளை வளையம் முதலில் உரசி, இரண்டையும் ஒரே வேகத்திற்குக் கொண்டுவருகிறது. அதன் பிறகே பற்கள் ஓசையின்றிப் பொருந்துகின்றன. அவ்வளையத்தைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்து இடைவெளியை அளந்தார். அது 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வளையத்தை மாற்ற வேண்டும். எங்கள் இரண்டாவது கியரின் வளையம் அந்த எல்லையைக் கடந்து தேய்ந்திருந்தது. வளையம் தன் வேலையைச் செய்யாததால் பற்களின் முனைகள் மோதி மோதி மழுங்கிவிட்டன. மழுங்கிய பற்கள் பிடித்து நிற்காமல் நழுவின.

"இது சில மாதங்களில் வந்த தேய்வன்று, பல ஆண்டுகளில் வந்தது" என்றார் அவர். பிறகு பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த எண்ணெயை ஊற்றியது யார்?" என்று கேட்டார். 'ஜி.எல். 5' எண்ணெயில் கந்தகம் கலந்த சேர்மானம் மிகுதி; பித்தளை வளையம் உள்ள இத்தகைய பழைய பெட்டிக்கு அது உகந்ததன்று; வளையம் உரசிப் பிடிப்பதற்கும் அது தடையாகும் என்றார்.

என் மகன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஆயினும் வாய் திறக்கவில்லை. "நான்தான்" என்னும் ஒரு சொல்லைச் சொல்வதற்குள் என் நா வறண்டுவிட்டது.

அன்றிரவு கையேட்டைத் திறந்தேன். எந்த எண்ணெய் என்பது அச்சிட்டே இருந்தது. ஏழாண்டுகளாக அது என் அலமாரியில்தான் இருந்தது!

புதிய வளையங்களும் இரண்டாவது கியரின் புதிய சக்கரங்களும் பொருத்தப்பட்டுப் பெட்டி திரும்பி வந்தது. நாங்களே அதை ஏற்றினோம். உரிய எண்ணெய் மூன்றரை லிட்டர் ஊற்றினோம். குளிர்ந்த காலைப்பொழுது ஒன்றில் மகனை ஓட்டச் சொன்னேன். இரண்டாவது கியர் ஒரு சிறு ஓசையும் இன்றி விழுந்தது.

அந்த வாரமே, முன்பு அவ்வண்டியில் வந்த அதே விருந்தினர்களை இல்லத்திற்கு அழைத்தேன். ஊரறியத் திட்டிவிட்டு அறைக்குள் மன்னிப்புக் கேட்பது நியாயமாகுமா? உணவுக்குப் பின் அனைவர் முன்னிலையிலும், "அன்று உங்கள் முன்னால் என் மகன்மீது பழி சுமத்தினேன். பிழை என்னுடையது. தம்பி, என்னை மன்னித்துவிடு" என்றேன்.

சற்று நேரம் அமைதி நிலவியது. பிறகு அவன் புன்னகையோடு, "மன்னிப்பெல்லாம் எதற்கு வாப்பா? கொட்டகையில் மீதமிருக்கும் அந்த எண்ணெய் டப்பாவை முதலில் அப்புறப்படுத்துங்கள்" என்றான்.

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்; ஆனால் என் கண்கள் நனைந்திருந்தன. மறுநாள் இருவருமாகச் சென்று, கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் அந்த டப்பாவை ஒப்படைத்துவிட்டு வந்தோம். வண்டியை ஓட்டியவன் அவன்தான்.