பெயரறியா வண்டி

எமதில்லத்துக் கூடத்தில், எந்தையாரது மேசைக்கு மேலே, உள்ளங்கையளவினதாகிய நிழற்படமொன்று நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கூரையில்லாத சிறியதொரு பந்தய மோட்டார் வண்டியின் பின்புறமும், அதன் பக்கத்தே முழங்கால் சட்டையணிந்து நிற்கும் மெலிந்த இளைஞர் ஒருவரும் அதிற் காணப்படுவர். அவ்விளைஞர் எந்தையாரே. சரக்குக் கப்பலொன்றில் இளநிலை எஞ்சினியராகப் பணியாற்றிய அவர், 1953-ஆம் ஆண்டில், கப்பல் பழுது பார்க்கப்படும்பொருட்டு இத்தாலி நாட்டு ராவென்னாத் துறையிற் சில நாள் தங்கியிருந்தபோது எடுத்த படம் அது. வண்டியின் பெயரை அவர் அறியார். அறிய விரும்பினார். அவ்விருப்பத்தை 1998-ஆம் ஆண்டில் எம்மிடம் ஒப்புவித்தார்.

பழைய வண்டியொன்றின் பெயரைக் கண்டறிதல் எளிதெனவே யாம் அப்போது எண்ணினோம். பெருநிறுவனத்தார் செய்த வண்டியாயின் எளிதுதான். பாய்குதிரையைக் கண்டால் பெராரி. திரிசூலத்தைக் கண்டால் மசராட்டி. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இத்தாலியில் ஊர்தோறும் சிறு பட்டறைக்காரர் தோன்றினர். துரின் நகரில் சிசிட்டாலியா, நார்தி, மொரெத்தி, சியாத்தா, மொதேனாவில் ஸ்டாங்குவெல்லினி, புளோரன்ஸில் எர்மினி, பொலோஞாவின் அருகே 1947-இல் மசராட்டி உடன்பிறந்தார் தொடங்கிய ஓஸ்கா. பியட் 1100 போன்ற எளிய குடும்ப வண்டியின் எஞ்சினைத் திருத்தி, குழாய்களாற் சட்டங்கட்டி, அலுமினியத் தகட்டை மரவச்சின்மேல் தட்டி உருவாக்கிய வண்டிகளே அவருட் பலர் செய்தவை. இவரையெல்லாம் ஆர்வலர் 'எட்செட்டரினி' என்று செல்லமாக வழங்குவர். பட்டியலின் கடைசியில் 'முதலியன' என்று எழுதி முடிக்கின்றோமே, அச்சொல்லுக்குள் ஒடுங்கிப்போனவர்கள் என்பது கருத்து. அம் 'முதலியன'வில் அடங்கிய ஓஸ்கா 1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் நகரத்துப் பன்னிரண்டு மணிப் பந்தயத்தில், ஒன்றரை லிட்டர் எஞ்சினைக் கொண்டே, பெருவண்டிகளைப் பின்தள்ளி முதலாவதாக வந்தது.

எஞ்சினைப் பார்த்தாற் பெயர் தெரியாதோ என்று வாசகர் வினவக்கூடும். அதுவே பெரிதும் ஏமாற்றுவது. இங்கிலாந்தில் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. 328-இன் வழிவந்த பிரிஸ்டல் எஞ்சினைக் கூப்பரும் பூட்டினர், லிஸ்டரும் பூட்டினர், டொஜேரோவும் பூட்டினர். தீயணைக்கும் நீரிறைப்பு யந்திரத்துக்கென ஆக்கிய எஞ்சினைக் கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தார் 1098 கன சென்டிமீட்டராகப் பெருக்கினர். 1954-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் கீப்ட் என்னும் வண்டியில் முதன்முதல் ஓடிய அஃது, அதன்பின் லோட்டஸ், எல்வா, லோலா எனப் பல வண்டிகளின் நெஞ்சாயிற்று. நெஞ்சு ஒன்று, பெயர் பல. அன்றியும் விபத்துக்குப்பின் மேற்கூட்டை மாற்றுவர். எஞ்சினைக் கழற்றி விற்பர். ஒரு வண்டியின் எண் தகட்டை மற்றொன்றில் அறைவாரும் உளர். ஆதலின் ஆராய்வோர் மேற்கூட்டின் வடிவை நம்பாது, சட்டத்துக் குழாய்கள் இணையும் முறை, வில்லமைப்பு, சக்கரத்தின் நடுப்பூட்டு ஆகியவற்றையே நோக்குவர். படத்தில் பந்தய எண் இருப்பின் நற்பேறு. பிரெஷியாவினின்று ரோமாபுரி சென்று மீளும் மில்லே மில்யா என்னும் ஆயிரமைல் பந்தயத்தில் 1949 முதல் புறப்படும் நேரமே எண்ணாக எழுதப்பட்டது. 1955-இல் வென்ற ஸ்டர்லிங் மாஸ் என்பாரது வண்டியின் எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்திற் புறப்பட்டது என்று பொருள்.

எந்தையாரது படத்திற் பந்தய எண் இல்லை. பின்புறத்தில் வெள்ளெழுத்தில் தீட்டிய பதிவெண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அக்காலத்து இத்தாலியப் பதிவெண்ணில் மாகாணத் தலைநகரின் பெயர் ஈரெழுத்திற் குறிக்கப்பட்டது. ரோமாபுரிக்கு மட்டும் முழுப்பெயர். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நோக்கிய யாம், அங்கே 'டி', 'ஓ' என்னும் ஈரெழுத்துக்களைக் கண்டோம். துரின்! சிறு சக்கரம், சிறு உடல், 750 கன சென்டிமீட்டர் வகுப்பென்பது வெளிப்படை. தன் எஞ்சினையும் தானே செய்துகொண்ட மொரெத்தியே இது எனச் சில வாரத்தில் முடிவு கட்டினோம். பதிவெண் வண்டி பதிவான ஊரைக் காட்டுமேயன்றிப் பிறந்த ஊரைக் காட்டாது என்பது எமக்குத் தெரியாததன்று. அதனை அவ்வமயம் நினைக்க விரும்பவில்லை.

எந்தையார் கேட்டுவிட்டுச் சிறிது பொழுது வாளாவிருந்தார். பின்பு, "அதன் மூக்கில் ஒரு சேவல் இருந்ததே, தம்பி," என்றார். "சேவலா?" என்று யாம் நகைத்தோம். குதிரை உண்டு, சூலம் உண்டு, சேவல் எந்த நூலிலும் இல்லையென்றோம். துறைமுகத்திலிருந்து ஒரு மணிநேரம் பேருந்தில் உள்நாட்டுப் பக்கம் போனதாகவும் அவர் சொன்னார். துரினோ இத்தாலியின் மறுகோடியில் உள்ளது. அதனையும் யாம் செவிமடுத்திலம். எழுபதை நெருங்கியவருக்கு நினைவு பிறழ்தல் இயல்பென்று, அவர் அறியாதபடி, வீட்டாரிடமும் கூறினோம். "நீ படித்தவன், நீ சொன்னாற் சரியாகத்தான் இருக்கும். பின்னால் எழுதிவை," என்றார். 'மொரெத்தி, துரின்' என மையால் எழுதினோம். அதன்பின் வீட்டுக்கு வந்தாரிடமெல்லாம் அவர் அப்பெயரையே சொல்லிவந்தார். சேவலைப் பற்றிப் பின்னொருபோதும் பேசவில்லை. 2006-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

எட்டாண்டு கழித்து, பழைய இத்தாலியச் சிறு வண்டிகளைப்பற்றிய படநூலொன்றைப் பொழுதுபோக்காகப் புரட்டுகையில், ஒரு பக்கத்தில் எம் கை நின்றது. கேடயமொன்றினுள் கூவும் சேவல். கீழே பண்டினி என்னும் பெயர். இலாரியோ பண்டினி என்பார் போருக்குப்பின் போர்லி நகரிற் சிறு பட்டறை வைத்துத் தம் வாழ்நாளெல்லாம் வண்டி செய்தவர், 1992-இல் மறைந்தார். அமெரிக்கச் சிறு வண்டியாகிய கிராஸ்லியின் 724 கன சென்டிமீட்டர் எஞ்சினைத் தருவித்துத் திருத்தித் தம் சிறு வண்டிகளிற் பூட்டினார். அவ்வெஞ்சினும் முதலிற் போர்க்காலத்தில் மின்னாக்கிகளை ஓட்டுதற்காகச் செய்யப்பட்டதே. போர்லியோ ராவென்னாவினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அக்காலத்துப் பேருந்தில் ஒரு மணிநேரம் ஆகியிருக்கும்.

அன்றிரவே படத்தைச் சட்டத்தினின்றும் கழற்றினோம். யாம் 'டி' என்று வாசித்த எழுத்தில், உற்றுநோக்கின், நடுவே குறுங்கோடொன்று தேய்ந்து கிடந்தது. மேற்கோட்டின் இடப்பாதியாக யாம் கொண்டதோ தகட்டின் கீறல். எழுத்து 'எப்'. 'எப்', 'ஓ' எனின் போர்லி. வளைந்த வாலும், பின்சக்கரத்துக் காப்புத் தகடும் நூலிற் கண்ட பண்டினிப் படங்களோடு ஒத்தன. கண்ணாடியும் நூலுமாக யாம் மாதக்கணக்கில் ஆராய்ந்து பிழைபட்ட பொருளைக் கண்ணாற் கண்டவர் ஒருவர் எம் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவரை ஒரு சான்றாகவே யாம் கொள்ளவில்லை. சொல்லி வருந்துதற்கு இப்போது அவர் இல்லை. எம் அன்னையாரிடம் சொன்னோம். "அவர் என்னிடம் சேவல் என்றுதான் கடைசிவரை சொன்னார்," என்று மட்டும் கூறி அடுக்களைக்குள் சென்றார்.

பின்புறத்து எழுத்தை அழிக்க முயன்றிலம். அதன் கீழேயே, 'பண்டினி, போர்லி. சேவலைக் கண்டவர் அப்பா' என எழுதித் தேதியிட்டோம். இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. பண்டினியின் வண்டிகள் எண்ணிக்கையிற் சிலவே. பதிவெண் முழுதும் கிடைப்பின், அவ்வொரு வண்டி இன்று எந்நாட்டில் எவர் கொட்டகையில் நிற்கின்றதென்று கண்டுகொள்ளவும் கூடும். ஈரெழுத்துக்குப்பின் முதலிரண்டு இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மற்றவற்றை எந்தையாரின் வலது முழங்கால் மறைத்து நிற்கின்றது.