பொருநை கற்பித்த பாடம்

குறிஞ்சித் திணையை வகுப்பறையில் நடத்தும் ஆசிரியனுக்கு ஒரு மனக்குறை உண்டு. அருவி, சுனை, அடுக்கம், விடர் என்னும் சொற்களுக்குக் கரும்பலகையில் பொருள் எழுதலாம். அவற்றின் ஓசையையும் குளிரையும் எழுத இயலாது. அக்குறை தீர, தை மாத விடுமுறை நாளொன்றில் இளங்கலைத் தமிழ் மாணவர் 22 பேருடன் பாபநாசம் சென்றேன்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பேருந்து விரைந்தது. வயல்களுக்கு அப்பால் பொதிகை நீலமாய் எழுந்து நின்றது. அங்குப் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியைப் பழந்தமிழர் பொருநை என்றனர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் ஊட்டி வளர்ப்பதால் அது வற்றாத ஆறாயிற்று.

அகத்தியர் அருவியின் அருகே தொடங்கும் படிகளில் ஏறினோம். ஒருபுறம் மரச்செறிவு, மறுபுறம் பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் ஆறு. கீழே பேரோசையிட்ட நீர், மேலே கல்யாண தீர்த்தத்தில் வேறு முகம் காட்டியது. உயர்ந்த பாறைகளின் நடுவே கருநிறம் கொண்டு ஆழ்ந்து கிடந்தது. வெள்ளம் உருட்டி வரும் கற்கள் சுழன்று சுழன்று பாறையைக் குடைவதால் இத்தகைய ஆற்றுப் பள்ளங்கள் உருவாகின்றன. விளிம்பில் பாசி, உள்ளே சுழல். நீந்தத் தெரிந்தவனையும் அவை ஏமாற்றிவிடும்.

"ஐயா, நான் ஆற்றங்கரையில் பிறந்தவன். ஒருமுறை குதித்துவிட்டு வருகிறேனே" என்றான் ஒரு மாணவன். நான் மறுத்தேன்; அவன் முகம் வாடியது. அனைவரையும் பாறைமேல் அமரச் செய்து, வ.வே.சு. ஐயரின் வரலாற்றைக் கூறலானேன்.

இலண்டனில் சட்டம் பயின்று விடுதலைப் போரில் இறங்கியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடியானவர். நாங்கள் கடந்துவந்த சேரன்மாதேவியில்தான் அவர் குருகுலம் நடத்தினார். அங்கு உணவுப் பந்தியில் காட்டப்பட்ட சாதி வேறுபாடு தமிழகத்தில் கடுங்கண்டனத்தை எழுப்பியது. அந்தப் பூசல் நிகழ்ந்த 1925ஆம் ஆண்டிலேயே, ஜூன் மாதத்தில், இந்த அருவிப் பகுதியில் அவருடைய மகள் சுபத்திரை நீரில் சிக்கினாள். காக்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 44.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், குதிக்க விரும்பிய மாணவனே, "அவருக்கு நீந்தத் தெரியுமா, ஐயா?" என வினவினான்.

"மகள் மூழ்கும்போது எந்தத் தந்தை அதை எண்ணிப் பார்ப்பான்?" என்றேன்.

இறங்கும்போது அவனே முன்னின்று, வழுக்கும் இடங்களில் நண்பர்களுக்குக் கைகொடுத்தான். அகத்தியர் அருவியில் கம்பித் தடுப்பைப் பற்றி நின்று ஆசை தீரக் குளித்தோம். மாலையில் பேருந்து புறப்படுமுன் எண்ணிப் பார்த்தேன். 22 பேரும் இருந்தனர். அன்று எந்தக் கவிதை வரியும் தராத நிறைவை அந்த எண் தந்தது.

மாணவமணிகளே! மலைக்குச் செல்லுங்கள், அருவியைக் காணுங்கள், சங்கப் புலவர் கண்ட குறிஞ்சியை உங்கள் கண்ணாலும் காணுங்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் முதுமொழியையும் உடன் கொண்டு செல்லுங்கள். நீங்கள் தவறி விழுந்தால், தம் உயிரை எண்ணாமல் உங்கள் பின்னே குதிக்க ஒருவர் இருப்பார். அவரை நினைத்தேனும் கரையில் நில்லுங்கள்.